வடை சுட்டு விடுதலை வாங்கிய பட்டணம்

மாலை வேளை. தெரு முனையில் ஓர் அம்மாள் வந்து உட்காருகிறாள். நல்ல ஆகிருதி. கஞ்சி போட்டு விறைத்து நிற்கும் வெள்ளைப் பாவாடை. மேலே லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை. தலையில் முண்டாசு மாதிரிச் சுற்றிய வெள்ளைத் துணி. கழுத்து நிறைய வண்ண வண்ண மணிமாலைகள். எதிரே சின்ன மேஜை. பக்கத்தில் அடுப்பு. அடுப்பின் மேல் அகலமான வாணலி.

பாத்திரத்திலே அரைத்த மாவு தயாராக இருக்கிறது. காராமணியை ஊற வைத்து, தோலைக் கழுவிப் போக்கி, வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைத்த மாவு. அதை மரக் கரண்டியால் அடி அடியென்று அடித்து நுரைக்கப் பண்ணி, உருண்டை பிடித்து எண்ணெயில் விடுகிறாள். 'சொய்' என்ற சத்தத்துடன் வாசனை கிளம்பி, வீட்டுக்குப் போய்க் கொண்டிருப்பவர்களை எல்லாம் இழுத்து நிறுத்துகிறது.

"இது நம் வீட்டுக் காராமணி வடை அல்லவா?" என்று கேட்கப் போகிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பது தென் அமெரிக்காவில், பிரேஸில் தேசத்தின் கிழக்குக் கடற்கரையில், சால்வடார் என்ற பட்டணத்தில். வடையின் பெயர் அக்கராஜே. அதை விற்கும் பெண்களுக்கு 'பையானா' என்று பெயர். பாஹியா மாகாணத்துப் பெண் என்று அர்த்தம். சால்வடார் அந்த மாகாணத்தின் தலைநகர். 2022-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 24 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவர்கள்.

இத்தனை ஆப்பிரிக்கர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பது சந்தோஷமான கதை அல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்த வடையின் கதையைச் சொல்ல முடியாது.

பாரகுவாசு என்ற பெண்

1501-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி. அமெரிகோ வெஸ்பூச்சி இருந்த போர்த்துக்கீசியக் கப்பல்கள் பெரிய வளைகுடா ஒன்றுக்குள் நுழைந்தன. அன்றைக்குக் கிறிஸ்தவர்களுக்குச் 'சகல புனிதர்கள்' திருநாள். ஆகவே வளைகுடாவுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கே முன்பே குடியிருந்த துப்பினாம்பா ஜனங்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்பாரில்லை.

சில வருஷங்கள் கழித்து தியோகோ ஆல்வாரிஸ் என்ற போர்த்துக்கீசியன் கப்பல் உடைந்து அந்தக் கரையில் ஒதுங்கினான். ஜனங்கள் அவனுக்குக் 'கராமுரு' என்று பெயரிட்டார்கள். துப்பாக்கியால் ஒரு பறவையைச் சுட்டு வீழ்த்தினான், அதைக் கண்டு எல்லோரும் நடுங்கிப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. வந்தவர்கள் எழுதிய கதை அப்படித்தானே இருக்கும்! கராமுரு என்பது அங்குள்ள ஒரு வகை விலாங்கு மீனின் பெயர் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பாறை இடுக்கிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்தவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அந்தக் கராமுருவை மணந்தவள் பாரகுவாசு. துப்பினாம்பாத் தலைவர் ஒருவரின் மகள். கணவனோடு கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்துக்குப் போனாள். அங்கே 1528-ல் ஞானஸ்நானம் பெற்றுக் காதரீன் ஆனாள். பிறகு ஊர் திரும்பினாள். அவளுடைய கல்லறை இன்றும் சால்வடாரில் கிராசா மாதா ஆலயத்தில் இருக்கிறது. பாஹியாவின் பழைய குடும்பங்கள் பல, தங்கள் வம்சம் அவளிடமிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கின்றன.

1549-ம் வருஷம் மார்ச் மாதம் தோமே தெ சோசா என்பவர் முதல் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கிப் பட்டணத்தை நிர்மாணித்தார். அது முதல் 1763 வரையில், இருநூறு வருஷத்துக்கு மேல் பிரேஸிலுக்கு இதுதான் தலைநகர். பிற்பாடுதான் ரியோ டி ஜெனிரோவுக்கு அந்த யோகம் அடித்தது. நடுவில் 1624-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். மறு வருஷமே துரத்தப்பட்டார்கள்.

மாடி நகரம்

சால்வடாரை மாடி வீடு என்றே சொல்லலாம். கடலோரத்தில் துறைமுகமும் மண்டிகளும். அது கீழ் நகரம். அதற்குப் பின்னால் சுவர் போல் நிமிர்ந்து நிற்கும் மேட்டின் உச்சியில் கோயில்களும் கச்சேரிகளும் செல்வர்களின் மாளிகைகளும். அது மேல் நகரம். கீழே இறங்கிய சாமான்களை எல்லாம் மேலே ஏற்றியாக வேண்டும். சீமான்களையும் சீமாட்டிகளையும்கூட ஏற்றியாக வேண்டும். அவர்கள் நடப்பார்களா? பல்லக்கிலே போவார்கள். பல்லக்கைச் சுமந்தவர்கள் அடிமைகள்.

1873-ல் அந்தோனியோ தெ லாசெர்டா என்பவர் மேட்டின் ஓரத்தில் ஒரு 'லிப்ட்' கட்டினார். கீழ் நகரத்துக்கும் மேல் நகரத்துக்கும் இடையே 72 மீட்டர் உயரத்தை அது தாண்டுகிறது. பலமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றைக்கும் அரை நிமிஷத்தில் ஆளை மேலே கொண்டு போய் விட்டுவிடுகிறது. வேறு ஊர்களில் ஆபீசுக்குப் போக டிராமும் பஸ்ஸும் ஏறினார்கள் என்றால், இந்த ஊரில் லிப்டு ஏறினார்கள்.

மேல் நகரத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ கோயில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே போனால் சுவர், தூண், விதானம் எல்லாம் மரச் செதுக்கல். அதன் மேலெல்லாம் தங்க ரேக்கு. கண் கூசும் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் விதானத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பார்க்க வந்த இளம் பெண் ஒருத்தி உயிரிழந்தாள். முந்நூறு வருஷத்துத் தங்கத்தைப் பார்த்துப் பரவசப்பட்டவர்கள், அதைத் தாங்கும் மரத்தைக் கவனிக்க மறந்து விட்டார்கள் போலும்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள பேட்டைக்குப் பெலோரின்யோ என்று பெயர். வர்ணம் அடித்த பழைய வீடுகள் வரிசையாய் நிற்கும் அழகான இடம். 1985-ல் யுனெஸ்கோ அதை உலகத்தின் பொதுச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது. ஆனால் பெயரின் அர்த்தம் அழகானது அல்ல. பெலோரின்யோ என்றால் சவுக்கடிக் கம்பம். அடிமைகளை அதில் கட்டி, ஊரார் பார்க்க அடிப்பார்கள். 1990-களில் இந்தப் பேட்டையைச் செப்பனிட்டபோது, அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெளியேற்றினார்கள். வீடுகள் பளபளப்பாகி விட்டன. வீட்டுக்காரர்கள்தான் இல்லை.

கூடையும் சாவிக்கொத்தும்

பிரேஸிலுக்குச் சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் வேறு எந்த தேசத்துக்கும் இத்தனை பேர் போகவில்லை. அந்த வியாபாரத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று சால்வடார். முதலில் கரும்புத் தோட்டங்களுக்கு. பிறகு சுரங்கங்களுக்கும் வீட்டு வேலைக்கும்.

பட்டணத்து எஜமானர்கள் ஒரு தந்திரம் கண்டு பிடித்தார்கள். அடிமையைக் காலையில் தெருவுக்கு அனுப்பிவிட வேண்டியது. அவன் மூட்டை தூக்கலாம், அவள் பலகாரம் விற்கலாம், என்னவோ செய்து கொள்ளட்டும். வாரத்துக்கு இவ்வளவு என்று எஜமானுக்குக் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் கிடைத்தால் அவர்களுக்கு.

அந்த மேற்படிக் காசில்தான் ஒரு பெரிய சரித்திரம் ஒளிந்திருக்கிறது.

பெண்கள் தலையில் கூடையோடு புறப்பட்டார்கள். பழம் விற்றார்கள், மீன் விற்றார்கள், கஞ்சி விற்றார்கள், அக்கராஜே விற்றார்கள். காசைத் துணியில் முடிந்து முடிந்து சேர்த்தார்கள். எத்தனையோ வருஷம் சேர்த்த பிறகு எஜமானிடம் போய், "இதோ என் விலை" என்று எண்ணி வைத்தார்கள். விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக் கொண்டார்கள். பிறகு மகளின் விலை. பிறகு தாயாரின் விலை. இப்படி விடுதலை வாங்கியவர்களில் ஆண்களைவிடப் பெண்களின் விகிதம் அதிகம் என்று பழைய பத்திரங்களைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

விடுதலை அடைந்த பெண்கள் அடுத்தபடியாக வாங்கியது நகை! இதை நம் சகோதரிகள் நன்றாகப் புரிந்து கொள்வார்கள். பாங்கியில் போட வழியில்லாதவர்களுக்கு உடம்புதானே பாங்கி? தங்கச் சங்கிலி, வளையல், இவற்றோடு இடுப்பில் 'பலங்கந்தான்' என்று ஒரு வெள்ளிக் கொத்து. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக் கொள்வார்களே சாவிக்கொத்து, ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் சாவியோடு மீன், மாதுளம்பழம், திருஷ்டி கழிக்கும் மூடிய கைமுஷ்டி என்று வெள்ளியில் செய்த சின்னச் சின்ன உருவங்கள் தொங்கும். நடந்தால் கலகலவென்று சத்தம். சால்வடாரில் கார்லோஸ் கோஸ்தா பிந்தோ மியூசியத்தில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் காசு கொடுத்தே விடுதலை பெற நினைக்கவில்லை. 1835 ஜனவரி 24-ம் தேதி இரவு, ரம்ஜான் மாதத்தின் முடிவில், முஸ்லிம்களான ஆப்பிரிக்க அடிமைகளும் விடுதலை அடைந்தவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். 'மாலே கலகம்' என்று அதற்குப் பெயர். மறுநாள் போன்ஃபிம் கோயிலில் விழா. ஊர் அங்கே போயிருக்கும்போது எழுவது என்று திட்டம். முதல் நாளே துப்புப் போய்விட்டது. வெள்ளை அங்கி அணிந்து, குர்ஆன் வாசகங்கள் எழுதிய தாயத்துக்களைக் கட்டிக் கொண்டு இரவெல்லாம் தெருத் தெருவாகப் போராடினார்கள். சுமார் 70 பேர் மாண்டார்கள். அவர்களுடைய மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் சிறையில் இருந்தார். பெயர் பசிஃபிகோ லிகூத்தான். என்ன குற்றம்? ஒன்றுமில்லை. அவருடைய எஜமான் கடன் பட்டிருந்தான். கடனுக்காக நாற்காலி மேஜையை ஜப்தி செய்கிற மாதிரி அவரை ஜப்தி செய்து அடைத்திருந்தார்கள். சீடர்கள் பணம் திரட்டி அவரை வாங்கி விடுவிக்க முயன்றும் எஜமான் விற்க மறுத்துவிட்டான்.

கலகத்துக்குப் பிறகு நாலு பேருக்கு மரண தண்டனை. தூக்குப் போட ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. ஆகவே சுட்டுக் கொன்றார்கள். பலரைச் சவுக்கால் அடித்தார்கள், பலரைக் கப்பலேற்றினார்கள். 1857-ல் சுமை தூக்கும் ஆப்பிரிக்கர்கள் கழுத்தில் உலோகத் தகடு மாட்டிக் கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்து விட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் பட்டணத்தில் ஒரு மூட்டை நகரவில்லை. சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது 1888 மே 13-ல்.

சிப்பாய் மெதேரோஸ்

சால்வடார்க்காரர்களுக்குச் சுதந்திர தினம் ஜூலை 2-ந் தேதி. பிரேஸில் 1822 செப்டம்பரில் சுதந்திரம் என்று அறிவித்த பின்னும் போர்த்துக்கீசியப் பட்டாளம் இந்த ஊரைவிட்டு அசையவில்லை. 1823 ஜூலை 2-ல்தான் கப்பலேறியது. அதற்கு முன்பே லாப்பா மடத்தின் தலைவி ஜோவானா அஞ்செலிகா, மடத்துக்குள் சிப்பாய்களை விட மறுத்து வாசலில் நின்று, துப்பாக்கிச் சனியனால் குத்துண்டு இறந்தார்.

அந்த யுத்தத்திலே மெதேரோஸ் என்று ஒரு சிப்பாய் இருந்தான். குறி தவறாமல் சுடுவான். ஒரு நாள் முகாமுக்கு ஒரு பெரியவர் வந்து, "சிப்பாய் மெதேரோஸ் என் மகள்!" என்றார். அவள் பெயர் மரியா கித்தேரியா. தகப்பனார் அனுமதி கொடுக்கவில்லை. சகோதரி வீட்டுக்குப் போய், சகோதரி கணவரின் உடுப்பையும் பெயரையும் இரவல் வாங்கிக் கொண்டு பட்டாளத்தில் சேர்ந்து விட்டாள். உண்மை தெரிந்த பின்னும் தளபதி அவளை அனுப்பவில்லை. உடுப்பின் மேல் ஒரு குட்டைப் பாவாடை மட்டும் சேர்ந்தது! யுத்தம் முடிந்ததும் சக்கரவர்த்தி முதலாம் பேத்ரோ பதக்கம் அணிவித்தார். அவள் கேட்ட வரம் என்ன தெரியுமா? "என்னை மன்னிக்கும்படி என் தகப்பனாருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்" என்றாளாம்.

1853-ல் சால்வடாரிலேயே பார்வை மங்கி, யாருக்கும் நினைவில்லாதவளாக இறந்தாள். இப்போது சிலை இருக்கிறது.

தாய்மார்களின் கோயில்கள்

ஆப்பிரிக்கர்கள் தங்கள் தெய்வங்களையும் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். அந்த வழிபாட்டுக்குக் கந்தோம்பிளே என்று பெயர். 'வெள்ளை வீடு' என்னும் பழமையான கோயிலை ஸ்தாபித்தவர்களில் முக்கியமானவர் இயா நாசோ என்ற ஆப்பிரிக்கப் பெண்மணி. தஸ்தாவேஜுகளைத் துருவிய ஆராய்ச்சியாளர்கள் அவர் கதையை வெளியே கொண்டு வந்திருக்கிறார்கள். 1835 கலகத்தை அடுத்து அவருடைய இரு பிள்ளைகளையும் பிடித்துக் கொண்டு போனார்கள். தண்டனைக்குப் பதில் நாடு கடத்தச் சொல்லி மன்றாடிய தாய், 1837-ல் தாமும் ஊரை விட்டு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரிடம் அடிமையாயிருந்த மார்செலினா என்பவள் பிறகு திரும்பி வந்து கோயிலை நடத்தினாள். ஆமாம், விடுதலை பெற்றவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

இந்தக் கோயில்களுக்குத் தலைமை பெரும்பாலும் பெண்களுக்கே. 1938-ல் ரூத் லாண்டஸ் என்ற அமெரிக்க மானிட இயல் ஆராய்ச்சியாளர் இங்கே வந்து தங்கி, இதையெல்லாம் பார்த்து வியந்து போனார். 1947-ல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்குப் 'பெண்களின் நகரம்' என்றே பெயர் வைத்தார். காந்துவா என்ற கோயிலில் 'மெனினின்யா அம்மா' என்று பிரசித்தி பெற்ற தலைவி 1922 முதல் 1986-ல் காலமாகும் வரை இருந்தார். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் அவரை நாடிப் போனார்கள். இருந்தும் என்ன? 1976 வரையில் பூஜை நடத்தப் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது!

போன்ஃபிம் கோயில் கத்தோலிக்கக் கோயில். ஆனாலும் ஜனவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளை உடுத்த பையானாக்கள் பூவும் வாசனை நீரும் நிறைந்த குடங்களுடன் எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்து அதன் படிகளைக் கழுவி விடுகிறார்கள். அந்தக் கோயிலின் கிறிஸ்து அவர்களுக்கு ஒஷாலா என்ற ஆப்பிரிக்க தெய்வமும்தான். கோயில் கதவு சாத்தியிருக்கும். படியை யார் சாத்த முடியும்? அங்கே வாங்கும் வண்ண நாடாவை மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, முடிச்சுக்கு ஒன்றாக மூன்று வரம் கேட்க வேண்டும். நோன்புச் சரடு மாதிரிதான். அவிழ்க்கக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும்.

காந்தியின் பிள்ளைகள்

சால்வடாருக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. கோவாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பும் கப்பல்கள் இங்கே தங்கிப் பழுது பார்த்துக் கொள்ளும். அந்தச் சாக்கில் இந்தியத் துணிகள் திருட்டுத்தனமாகக் கரை இறங்கும். போர்த்துக்கீசியர் நம் மாவையும் பலாவையும் அங்கே கொண்டு போனார்கள். அங்கிருந்து முந்திரியையும் கொய்யாவையும் அன்னாசியையும் நம்மிடம் கொண்டு வந்தார்கள். கொடுக்கல் வாங்கலில் யாருக்கு லாபம் என்று தீபாவளிப் பலகாரம் செய்கிறவர்கள் தீர்மானித்துக் கொள்ளலாம்.

இதையெல்லாம் விட ஆச்சரியம், 1949-ல் நடந்தது. மகாத்மா மறைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கார்னிவல் திருவிழா நெருங்கியது. சால்வடார் துறைமுகத்து மூட்டைத் தொழிலாளர்கள் சிலர் கூடி, 'காந்தியின் பிள்ளைகள்' என்று ஒரு பஜனை கோஷ்டி ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சத்தவர். கையில் காசு இல்லை. படுக்கை விரிப்பை அங்கியாக உடுத்து, துவாலையைத் தலைப்பாகையாகக் கட்டிக் கொண்டு, ஆப்பிரிக்கத் தெய்வப் பாடல்களைப் பாடியபடி வீதிவலம் வந்தார்கள். காந்திக்கும் கார்னிவலுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது: கறுப்பர்கள் கூட்டம் கூடினாலே போலீஸ் தடியோடு வரும் ஊரில், வெள்ளை உடுத்துச் சமாதானம் என்று நடப்பவர்களை எப்படி அடிப்பது?

1970-களில் கோஷ்டி நலிந்து போயிற்று. பாடகர் ஜில்பெர்த்தோ ஜில் நாடு கடந்து வாழ்ந்து திரும்பி வந்தவர். அவர் அதில் சேர்ந்து மறுபடி உயிர் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் பிரேஸிலின் கலாசார மந்திரியாகவும் ஆனார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை அங்கியும் நீல வெள்ளை மணிமாலையுமாக, வாசனைத் தண்ணீரைத் தெளித்துக் கொண்டு போகிறார்கள். ஊர்வலத்தில் யானையும் ஒட்டகமும் ஆடும் பொம்மைகளாக வரும். ஆண்களுக்கு மட்டும் என்பது விதி. பெண்கள் பேசாமல் இருப்பார்களா? 1979-ல் 'காந்தியின் புதல்விகள்' தனியாகப் புறப்பட்டு விட்டார்கள்.

மறுபடியும் வடை

அந்தத் தெருமுனை அம்மாளை அடுப்படியிலேயே விட்டுவிட்டோம். அவள் வாணலியில் இருக்கும் எண்ணெய் செக்கச் செவேல் என்றிருக்கும். டெண்டே என்று பெயர். பனையினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரமொன்றின் பழத்தைப் பிழிந்து எடுப்பது. நம் ரேஷன் கடைப் பாமாயிலும் அதே மரத்து எண்ணெய்தான். நமக்கு நிறத்தையும் மணத்தையும் எடுத்துவிட்டுக் கொடுக்கிறார்கள். வெந்த அக்கராஜேயை நடுவில் பிளந்து, வத்தபா என்ற கூழை வைக்கிறாள். ரொட்டி, தேங்காய்ப் பால், இறால், நிலக்கடலை, முந்திரி எல்லாம் கலந்தது. வெண்டைக்காய்க் கூட்டும் காய்ந்த இறாலும் உண்டு. இறாலை நீக்கிவிட்டு, காராமணி மாவை மட்டும் வீட்டில் தேங்காய் எண்ணெயில் சுட்டுப் பார்த்தோம். உளுந்து வடையைவிட மெத்தென்று வருகிறது. அடிக்கிற கை ஓயக்கூடாது, அதுதான் சூட்சுமம்.

அக்கராஜே, காற்றுக்கும் மின்னலுக்கும் அதிபதியான இயன்சான் என்ற தேவிக்கு நைவேத்தியம். ஆகவே சில பையானாக்கள் முதலில் சுட்ட குட்டி வடைகளை விற்பதில்லை, தெய்வங்களுக்கு. இதைப் பிடிக்காத புதிய கிறிஸ்தவ சபையினர் சிலர் அதே வடையைச் சுட்டு, 'ஏசுவின் பணியாரம்' என்று விற்கத் தொடங்கினார்கள். பெயரை மாற்றினால் பரம்பரை போய்விடும் என்று பையானாக்களுக்குக் கோபம். 2005-ல் பிரேஸில் அரசாங்கம் அக்கராஜே விற்கும் தொழிலையே தேசத்தின் பரம்பரைச் செல்வம் என்று பதிவு செய்தது.

அப்படியும் தொல்லை வந்தது. 2014-ம் வருஷ உலகக் கால்பந்துப் போட்டிக்குச் சால்வடாரில் புது மைதானம் எழும்பியது. பழைய மைதானத்து வாசலில் பல காலமாகக் கடை போட்டிருந்த பையானாக்கள், போட்டியின்போது அந்த வட்டாரத்திலேயே விற்கக் கூடாது என்று பேச்சு எழுந்தது. விளம்பரப் பணம் கொடுத்த பெரிய கம்பெனிகளின் தின்பண்டம்தான் விற்க வேண்டுமாம். பையானாக்கள் சங்கமாகக் கூடி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, வெள்ளைப் பாவாடை சரசரக்க ஊர்வலம் போனார்கள். கடைசியில் 2013-ல் ஆறு பேரை உள்ளே விட்டார்கள். ஆறே பேர்! ஆனாலும் அவர்கள் வாணலியோடு உள்ளே போனார்கள்.

சால்வடாருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வடையைப் பிளந்து கையில் வைத்துக் கொண்டு அந்த அம்மாள், "சூடாகவா?" என்று கேட்பாள். அடுப்பிலிருந்து எடுத்த வடை சூடாகத்தானே இருக்கும் என்று எண்ணி, "ஆமாம், நல்ல சூடாக!" என்று சொல்லி விடாதீர்கள். அவள் கேட்டது மிளகாயைப் பற்றி.